அவஸ்தைப்பூசுதலிலிருந்து நோயில்பூசுதலுக்கு: தமிழகக் கத்தோலிக்க மரபில் புற்றுநோயாளருக்கான ஆன்மிகத் துணை – காஞ்சிபுரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கத்தோலிக்க மரபில் நோயாளருக்கு அளிக்கப்பட்டுவந்த ஆன்மிகத் துணை நெடுங்காலம் ‘நன்மரணம்’ என்னும் கருத்தை மையமாகக் கொண்டிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர் அதன் மையம் நோய்க்காலம் முழுமைக்குமான உடனிருப்பாக மாறியது. ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பெயர் வழக்கொழிந்து ‘நோயில்பூசுதல்’ என்ற பெயர் நிலைபெற்றது இம்மாற்றத்தின் மொழிச் சான்றாகும். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் புற்றுநோய், இம்மாற்றத்தின் தேவையைப் பிற நோய்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. கோயில் நகரமாகவும் நெசவு நகரமாகவும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையின் இருப்பிடமாகவும் விளங்கும் காஞ்சிபுரத்தில் இத்தகைய துணைக்குழு எவ்வடிவம் கொள்ள வேண்டும், எவ்வெல்லைகளுக்குள் இயங்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நோயில்பூசுதல், நன்மரணம், பக்திசபைகள், புற்றுநோய், வலிதணிப்புப் பராமரிப்பு, காஞ்சிபுரம்.

முன்னுரை

தமிழகக் கிறித்தவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மதமாற்றம், சாதி, அச்சு, அகராதி, இலக்கியம் ஆகியவற்றைச் சார்ந்தே அமைந்துள்ளன. மருத்துவத் தொண்டு பற்றிய ஆய்வுகளோ மருத்துவமனைகளை நிறுவிய துறவற சபைகளின் வரலாறாக நின்றுவிடுகின்றன. நோயாளரின் படுக்கையருகே அமர்ந்து செபமாலை சொல்லும் பொதுநிலையினரின் பணி இவ்விரு வகை ஆய்வுகளிலும் போதிய இடம் பெறவில்லை. அப்பணியில் நிறுவனக் கட்டடமோ நிலமோ ஆவணக் குவியலோ உருவாவதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். எனினும், பங்கு மக்களின் அன்றாடச் சமய வாழ்வில் நோயாளரைச் சந்தித்தல் மிகப் பழைய கடமைகளுள் ஒன்று.

புற்றுநோய் இக்கடமைக்குப் புதியதோர் உள்ளடக்கத்தைத் தருகிறது. பேதி, அம்மை போன்ற கொள்ளைநோய்கள் சில நாள்களில் முடிவு காண்பவை. புற்றுநோயோ ஐயம், பரிசோதனை, அறுவை, கதிர்வீச்சு, மருந்தேற்றம், ஓய்வு, மீண்டும் ஐயம் எனச் சுழன்று நீள்வது. குணமடைவோர் பலர், குணமடைந்தபின்னும் அச்சத்தோடு வாழ்வோர் பலர். ஆகவே சாவுக்கு ஆயத்தப்படுத்துதல் என்னும் ஒரே நோக்குடைய ஆன்மிகத் துணை இந்நோயாளருக்குப் பொருந்துவதில்லை. இப்பொருத்தமின்மை எவ்வாறு உணரப்பட்டது, எவ்வாறு சரிசெய்யப்பட்டது, எவை இன்னும் சரிசெய்யப்படாமல் உள்ளன என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

1. பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்

திருச்சபையின் ஏழு அருளடையாளங்களுள் ஒன்று, நோயுற்றோருக்கு எண்ணெய் பூசி மன்றாடுதல். இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை வரவழைக்க, அவர்கள் எண்ணெய் பூசி இறைவேண்டல் செய்ய வேண்டும் என்பது அப்பகுதியின் கருத்து. அங்குப் பேசப்படுவது நோயேயன்றிச் சாவன்று. ஆயினும் இடைக்கால ஐரோப்பாவில் இச்சடங்கு படிப்படியாக இறுதி மூச்சின் சடங்காகச் சுருங்கியது. 1551-இல் கூடிய திரிதெந்தின் சங்க அமர்வு இதனைச் சாகும் தறுவாயில் உள்ளவருக்கு மட்டும் என வரையறுக்கவில்லை. எனினும் இறுதிநிலையில் இருப்பதாகத் தோன்றுவோருக்குச் சிறப்பாக உரியது என்றது. நடைமுறை அவ்வழியிலேயே இறுகியது.

தமிழகத்திற்கு இச்சடங்கு அவ்விறுகிய வடிவில்தான் வந்து சேர்ந்தது. இதற்கு வழங்கிய ‘அவஸ்தைப்பூசுதல்’ என்னும் பெயர் அதனைத் தெளிவாக உணர்த்துகிறது. ‘அவஸ்தை’ என்னும் வடசொல் பொதுவாக நிலை என்று பொருள்படுவது. தமிழ்ப் பேச்சு வழக்கில் துன்பம், மரணவேதனை ஆகிய பொருள்களைப் பெற்றது. ஆகவே ‘அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாயிற்று’ என்னும் தொடர், கேட்டவர்க்கு ‘இனி நம்பிக்கையில்லை’ என்றே பொருள்பட்டது. குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுவாயிலில் காலெடுத்து வைப்பது சாவின் அறிவிப்பாகக் கொள்ளப்பட்டமையால், நோயாளர் நினைவிழக்கும்வரை அவரை அழைக்காமல் காலந்தாழ்த்தும் வழக்கமும் குடும்பங்களிடையே உண்டாயிற்று. ஆறுதல் தரவேண்டிய சடங்கு அச்சம் தருவதாக மாறியது.

1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைவிளக்கம், தன் 73-ஆம் பத்தியில் இச்சடங்கை ‘இறுதிப்பூசுதல்’ என்பதைவிட ‘நோயாளர்பூசுதல்’ என்பதே சாலப் பொருத்தம் என்றது. நோயாலோ முதுமையாலோ ஒருவர் சாவின் ஆபத்துக்கு உள்ளாகத் தொடங்கும்போதே அதற்குரிய காலம் வந்துவிடுகிறது என்பது அதன் கருத்து. 1972 நவம்பர் 30 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைமடல் புதிய சடங்குமுறைக்கு ஒப்புதல் அளித்தது. ஒலிவ எண்ணெய் எளிதில் கிடைக்காத நாடுகளில் பிற தாவர எண்ணெயைப் பயன்படுத்தவும் அது வழிசெய்தது. நோயாளர் தேறி மீண்டும் நோயுற்றாலோ, அதே நோய் முற்றினாலோ இவ்வருளடையாளத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் தெளிவாக்கப்பட்டது. நோய் தணிந்தும் மீண்டும் தலைதூக்கியும் நீளும் புற்றுநோயின் போக்கிற்கு இவ்விதி மிகப் பொருந்துவது.

தமிழ் வழக்கில் ‘அவஸ்தை’ நீங்கி ‘நோய்’ இடம்பெற்றது இச்சீர்திருத்தத்தின் விளைவே. ‘சக்கிறமெந்து’ எனத் தொடங்கி, ‘தேவதிரவிய அனுமானம்’, ‘அருட்சாதனம்’, ‘அருளடையாளம்’ எனச் சென்ற கலைச்சொல் வரலாற்றைத் தமிழாக்க முயற்சியாக மட்டும் காண்பது வழக்கம். ‘அவஸ்தைப்பூசுதல்’ ‘நோயில்பூசுதல்’ ஆனதோ வெறும் தமிழாக்கமன்று. சடங்கு நிகழும் காலமே இங்கு மாறியது. சாவுக்கு உரியதாயிருந்தது வாழ்வுக்குள் கொண்டுவரப்பட்டது.

2. நன்மரண மரபும் அதன் வளமும்

பழைய மரபை வெறும் அச்சுறுத்தலாக மதிப்பிடுவது பிழையாகும். நல்ல சாவைப் பெறுதல் என்பது ஒரு முழுமையான சமயப் பண்பாடாக வளர்ந்திருந்தது. இயேசு சபையின் தலைவர் வின்சென்சோ கராஃபா 1648-இல் உரோமை நகரின் ஜெசு ஆலயத்தில் நன்மரண சபையைத் தொடங்கினார். இயேசு, மரியா ஆகியோர் அருகிருக்க இறந்தவர் என்ற நம்பிக்கையால் புனித சூசை நன்மரணத்தின் பாதுகாவலராகப் போற்றப்பட்டார்.

இப்பக்தியின் தமிழ் வெளிப்பாடுகளுள் தலைசிறந்தது தேம்பாவணி. 1726-இல் நிறைவுற்றதாகக் கருதப்படும் இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவன் சூசை. அரசனோ போர்வீரனோ அல்லாத ஒரு தச்சரைக் காப்பியத் தலைவனாக்கிய வீரமாமுனிவர், அத்தலைவனின் பிணியையும் மறைவையும் இறுதிக் காண்டத்தில் பாடுபொருளாக்கினார். நோயுற்றவன் இழிந்தவனல்லன், நோய் வினையின் தண்டனை மட்டுமன்று என்னும் கருத்து தமிழ்க் காப்பிய மரபுக்குள் இவ்வாறு இடம்பெற்றது. வீரமாமுனிவரோடு தொடர்புடைய ஏலாக்குறிச்சித் தலமரபும் இங்குக் கருதத்தக்கது. அரியலூர்ப் பாளையக்காரரை வருத்திய ராஜபிளவை, முனிவரின் மருத்துவத்தாலும் அடைக்கல மாதாவின் அருளாலும் நீங்கியதாக அம்மரபு கூறுகிறது. பிளவையைப் புற்றுநோயோடு ஒன்றாகக் கொள்ள இயலாது. எனினும் மருந்தும் மன்றாட்டும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே கதைக்குள் நிற்பது கவனத்திற்குரியது.

துன்பத்தை உரக்கச் சொல்லி அழும் மரபு மற்றொன்று. வியாகுல மாதா பக்தியும், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கமும் தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருங்கே அமர்ந்து துயரத்தைக் கேட்கும் வழக்கத்தை வளர்த்தன. மகனின் சாவின்முன் நின்ற தாயின் துயரத்தைக் கேட்பவர், தம் இல்லத் துயரத்தையும் அதனுள் வைத்து அழ முடிந்தது. ஒப்பாரி மரபுடைய சமூகத்தில் இது எளிதில் வேரூன்றியதில் வியப்பில்லை.

பொதுநிலையினரின் தொண்டும் இம்மரபின் தொடக்கக்காலத்திலேயே காணப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஏழை நோயாளருக்கான மருத்துவமனையை நிறுவியபோது, அதனைத் தாங்கியவர்கள் அவ்வூர்ப் பரதவ மக்களே. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தால் அறியப்படும் அவரது பெயர், நோயாளர் தொண்டின் வரலாற்றிலும் இடம்பெற வேண்டியது.

3. புற்றுநோயாளருக்கென எழுந்த குழுக்கள்

புற்றுநோயாளரின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் போற்றுபவர் புனித பெரகிரின். இத்தாலியின் போர்லி நகரில் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்து மரியின் ஊழியர் சபையில் சேர்ந்த இவர் 1345-இல் இறந்தார். காலில் தோன்றிய புற்றுப்புண்ணுக்காகக் காலையே அகற்ற மருத்துவர் முடிவு செய்திருந்த நாளின் முந்தைய இரவில், சிலுவையின்முன் மன்றாடிக் குணம் பெற்றார் என்பது இவரது வரலாறு. தேம்பாவணி நிறைவுற்ற அதே 1726-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் இவரைப் புனிதராக அறிவித்தார். இவ்வரலாற்றில் பெரிதும் கவனிக்கப்படாத கூறு ஒன்றுண்டு: பெரகிரின் அறுவைக்கு இசைந்த பின்னரே மன்றாடினார். மருத்துவரை மறுத்துவிட்டு அற்புதத்தை நாடியவராக மரபு அவரைக் காட்டவில்லை.

புற்றுநோயாளருக்கெனவே ஒரு பொதுநிலையினர் குழு தோன்றியது 19-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். கணவரையும் இரு குழந்தைகளையும் இழந்த ழான் கார்னியே என்னும் இளம் கைம்பெண் 1842-இல் லியோன் நகரில் கல்வாரிப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஆறாத புண்களோடு, மருத்துவமனைகளும் ஏற்க மறுத்த ஏழைப் பெண்களைப் பராமரிப்பது இச்சங்கத்தின் பணி. உறுப்பினர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்களல்லர்; கைம்பெண்களே. துயரம் அறிந்தவரே துயருற்றவரின் புண்ணைத் துடைக்கத் தக்கவர் என்னும் எண்ணம் இதன் உள்ளீடு. முற்றிய புற்றுப்புண்ணின் நாற்றம் நோயாளரை உற்றாரிடமிருந்தே பிரித்துவிடுவதை மருத்துவப் பணியாளர் நன்கறிவர். அந்நாற்றத்தைத் தாங்கி அருகில் அமர்வதே இச்சங்கத்தினரின் முதல் செபமாயிருந்தது.

20-ஆம் நூற்றாண்டில் இம்மரபு இரு கிளைகளாக வளர்ந்தது. ஒன்று பராமரிப்பு இல்லங்கள். 1905-இல் அயர்லாந்துக் கன்னியர் இலண்டனின் ஆக்னி பகுதியில் தொடங்கிய புனித சூசை இல்லத்தில் 1958 முதல் பணியாற்றிய சிசிலி சாண்டர்ஸ், உடல், உள்ளம், சமூகம், ஆன்மா ஆகிய நான்கையும் தழுவிய ‘முழுவலி’ என்னும் கருத்தை வளர்த்தெடுத்தார். 1967-இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் நவீன வலிதணிப்புப் பராமரிப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இந்தியாவின் முதல் இல்லமான சாந்தி அவேத்னா சதன் 1986-இல் மும்பையின் பாந்திராப் பகுதியில் மருத்துவர் லூயிஸ் டிசோசாவின் முயற்சியால் தோன்றியது. அங்கு நோயாளரின் அன்றாடப் பராமரிப்பைக் கன்னியர் ஏற்றனர்.

மற்றொரு கிளை பங்குகளில் இயங்கும் சந்திப்புக் குழுக்கள். 1833-இல் பாரிசில் பிரெடரிக் ஓசனாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை 1863-இல் புனேயின் வழியாக இந்தியாவில் கால்கொண்டது. 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையின் முதல் பணியே அந்நகரின் ஏழையர் மருத்துவமனையிலிருந்த பெண் நோயாளரைச் சந்தித்தல். இருவர் இருவராகச் சென்று சந்திப்பதும் வாரக்கூட்டத்தில் அறிக்கை தருவதும் சேனையின் ஒழுங்கு. பொருளுதவி அளிப்பதை அதன் விதிகள் தடைசெய்கின்றன. வின்சென்ட் தே பவுல் சபையோ பொருளுதவியையும் தன் சந்திப்பின் பகுதியாகக் கொள்கிறது. நோயாளருக்கு வேண்டுவது செபமா, அரிசியா, இரண்டுமா என்னும் வினாவுக்கு இவ்விரு அமைப்புகளும் இருவேறு விடை தந்துள்ளன. காஞ்சிபுரம் போன்ற நகரில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது.

4. காஞ்சிபுரம்: நேர்ச்சை, மருத்துவமனை, தறி

காஞ்சிபுரத்தின் வடக்கேயுள்ள தக்கோலத்தை மையமாகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூஷே அடிகளார் கர்நாடக மறைப்பணியை நடத்தினார். இன்று காஞ்சிபுரப் பகுதி, சென்னை–மயிலைப் பேராயத்திலிருந்து 2002-இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குக் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்களது நோய்க்காலப் பக்தியை நகரின் பெருஞ்சமய மரபிலிருந்து தனித்துக் காண இயலாது.

காஞ்சியின் சமய நினைவில் நோய்க்கும் வேண்டுதலுக்கும் தனியிடம் உண்டு. இரு கண்ணின் பார்வையையும் இழந்த சுந்தரர் இடக்கண் பார்வையைக் காஞ்சி ஏகம்பத்திலும் வலக்கண் பார்வையைத் திருவாரூரிலும் பெற்றார் என்கிறது பெரியபுராணம். இரு தலங்களுக்கிடையே பாதிப் பார்வையோடு நடந்த அடியவரின் வரலாறு, குணம் என்பது ஒரே நொடியில் முழுமையாக வந்துவிடுவதன்று என்பதையும் உணர்த்துகிறது. கச்சபேசுவரர் கோயிலில் கார்த்திகை மாதக் கடைஞாயிறு நாளில், தலைநோய் நீங்க வேண்டி மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் சுமந்து வலம்வரும் வழக்கம் இன்றும் உள்ளது. நோயுற்ற உறுப்பே நேர்ச்சையின் இடமாகும் இவ்வழக்கமும், வேளாங்கண்ணியில் உலோகத்தாலான கை, கால், கண் உருவங்களைக் காணிக்கையாக்கும் வழக்கமும் ஒரே சமய மொழியின் இரு வழக்குகள். 1962-இல் பெருங்கோயிலாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணித் திருத்தலத்தின் அன்னைக்கு ‘ஆரோக்கிய மாதா’ என்பதே பெயர். ஆகவே கத்தோலிக்கரல்லாத நோயாளரும் அவ்வன்னையை அயலாராகக் கருதுவதில்லை.

இச்சூழலில் காரப்பேட்டையில் அமைந்துள்ளது அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்த முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968-இல் நியூயார்க்கில் சிகிச்சை பெற்று, 1969 பிப்ரவரி 3 அன்று சென்னையில் காலமானார். அவர் பிறந்த ஊரிலேயே அவர் பெயரால் புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் ஒரு தன்னார்வ அமைப்பின் ஆக்கம்; காரப்பேட்டை மருத்துவமனை அரசின் ஆக்கம். அரசு மருத்துவமனை என்பதாலேயே அங்குச் செல்லும் எந்தச் சமயக்குழுவும் விருந்தினரின் நிலையில்தான் நிற்கிறது.

புற்றுநோய்ச் சிகிச்சையின் கால ஒழுங்கு குடும்பத்தின் பிழைப்பைக் குலைக்கவல்லது. கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளும். மருந்தேற்றம் குறித்த இடைவெளியில் பல சுற்றுகளாக அமையும். நெசவுக் குடும்பத்தில் இதன் பொருள் வேறு. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வைப் பட்டுக்குத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் மருத்துவமனையில் படுக்க, மற்றவர் துணைக்கு நின்றால், தறி முற்றிலும் நின்றுவிடும். தறி நின்றால் கூலி இல்லை. முன்பணமோ கடனாக நிற்கும். இக்குடும்பத்தைச் சந்திக்கச் செல்லும் குழு செபமாலையோடு மட்டும் திரும்பினால், அதன் துணை பாதியளவே. பொருளுதவியைத் தவிர்க்கும் சேனையும் அதனை வழங்கும் வின்சென்ட் தே பவுல் சபையும் ஒரே பங்கில் இணைந்து இயங்கவேண்டிய தேவை இங்கிருந்து எழுகிறது.

5. துணைக்குழுவின் பணிகள்

நோயில்பூசுதலை நிறைவேற்றுபவர் குருவே. பொதுநிலையினர் குழு அதனைச் செய்ய இயலாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நீண்ட நாள்கள் குழுவின் பொறுப்பு. 1973 ஜனவரி 29 அன்று வெளியான உரோமை அறிவுறுத்தல், தகுதிபெற்ற பொதுநிலையினரும் நற்கருணையை நோயாளரிடம் கொண்டுசெல்ல வழிவகுத்தது. குருவின் வருகை சாவின் அடையாளமாக அஞ்சப்பட்ட வீட்டுக்குள், அடுத்த தெருப் பெண்ணொருவர் நற்கருணையோடு வாரந்தோறும் வந்து செல்வது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது எண்ணத்தக்கது.

செபமாலைக்கும் இப்பணியில் தனிப்பயன் உண்டு. திரும்பத் திரும்ப ஒரே சொற்களைச் சொல்லும் இச்செபம், மருந்தேற்றத்தால் களைத்தவரிடம் சிந்தனையையோ பேச்சையோ கோருவதில்லை. நோயாளர் சொல்ல இயலாதபோது பிறர் சொல்ல, அவர் மணிகளைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.

அடுத்தது, பெயர் சொல்லாமையின் சிக்கல். தமிழ்க் குடும்பங்களில் ‘புற்று’ என்னும் சொல்லைத் தவிர்த்துக் ‘கட்டி’, ‘புண்’ எனக் கூறுவதும், நோயாளரிடமே நோயின் பெயரை மறைப்பதும் பரவலான வழக்கங்கள். புற்றுநோயாளருக்கான குழு எனத் தன்னை அறிவித்துக்கொண்டு வாயிலில் நிற்கும் குழு, குடும்பம் மறைத்ததைத் தன் வருகையாலேயே வெளிப்படுத்திவிடும். ஆரோக்கிய மாதா நவநாள், அன்பியச் செபம் போன்ற பொதுப்பெயர்களில் செல்வது இதனால் கோழைத்தனமன்று. நோயாளர் தாமே பேசத் தொடங்கும்வரை காத்திருக்கும் பண்பு. ஆனால் அவர் கேட்கும்போது பொய் சொல்லலாகாது என்பதும் அப்பண்பின் மறுபக்கமாகும்.

6. மூன்று எல்லைகள்

முதலாவது, அற்புதமும் சிகிச்சையும் பற்றியது. குணமளிக்கும் செபக்கூட்டங்கள் பெருகிய சூழலில், 2000 செப்டம்பர் 14 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல், குணம்வேண்டி மன்றாடுவது இயற்கையான மருத்துவ வழிகளை விலக்குவதன்று எனத் தெளிவுபடுத்தியது. புற்றுநோயில் காலத்தாழ்வு உயிரைப் பறிக்கும். ஆகவே சிகிச்சையை நிறுத்திவிட்டு நேர்ச்சைக்குச் செல்லும் நோயாளரைத் தடுத்து நிறுத்துவது துணைக்குழுவின் ஆன்மிகக் கடமைகளுள் ஒன்றாகிறது. பெரகிரினின் வரலாற்றைச் சொல்வோர் அவர் அறுவைக்கு இசைந்த பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வலி பற்றியது. 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடல், மனிதத் துன்பம் கிறிஸ்துவின் பாடுகளோடு இணையும்போது மீட்பின் பொருளைப் பெறுகிறது என்று விளக்கியது. இக்கருத்து நோயாளருக்குப் பொருளையும் மதிப்பையும் தரவல்லது; பிறர் வாயிலிருந்து வரும்போது கொடுமையாகவும் மாறக்கூடியது. தாங்கிக்கொள் என்று சொல்லும் உரிமை தாங்குபவருக்கு உண்டேயன்றி, அருகில் அமர்ந்திருப்பவருக்கு இல்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரி 24 அன்றே, வலியைத் தணிக்கும் மருந்துகளை, அவற்றால் ஆயுள் குறையக்கூடும் எனினும், உரிய காரணத்திற்காகப் பயன்படுத்தலாம் என விளக்கியிருந்தார். இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபின் கிடைப்பதை அரிதாக்கியது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடைகளைத் தளர்த்தியது. மருந்து கிடைக்காமையால் உண்டான வலிக்கு இறையியல் பொருள் கற்பிப்பது தவறு. அதற்கு வேண்டுவது மருந்து. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே அளிக்கப்படும் வலிதணிப்புப் பராமரிப்பும் அடங்கும். அத்திட்டத்தின் பணியாளரிடம் நோயாளரைக் கொண்டுசேர்ப்பது செபக்குழு எளிதில் செய்யக்கூடிய உதவி.

மூன்றாவது, இசைவு பற்றியது. அரசு மருத்துவமனையின் கூடத்தில் பல சமயத்தார் அடுத்தடுத்த படுக்கைகளில் உள்ளனர். ஆரோக்கிய மாதாவின் பெயர் யாவர்க்கும் பழக்கமானது என்பதாலேயே யாவர்க்கும் செபிக்கும் உரிமை குழுவுக்கு வந்துவிடாது. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்ட வரலாறு, நோயாளர் தொண்டும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பதை நினைவூட்டுகிறது. ஐயத்தைவிடவும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. நோயுற்றவர் மறுக்கும் வலிமை குன்றியவர். எழுந்து செல்ல இயலாதவர். அவரது மௌனத்தை இசைவாகக் கொள்ளலாகாது. கேட்டவருக்குச் செபம், கேளாதவருக்கு வெந்நீரும் பேச்சுத்துணையும் என்னும் பாகுபாடே இங்குப் பொருத்தமான நெறி. டப்ளினிலும் லியோனிலும் தொடங்கிய குழுக்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தார் வாழ்ந்த சூழலில் எழுந்தவை. காஞ்சிபுரத்தில் அவற்றை அப்படியே பின்பற்ற இயலாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

முடிவுரை

1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலக நோயாளர் நாளை ஏற்படுத்தினார். 1993 முதல் லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-இல் அது கொண்டாடப்படுகிறது. அந்நாளில் பங்கு ஆலயங்களில் நோயாளர் பலரும் ஒருங்கே அமர்ந்து நோயில்பூசுதலைப் பெறும் வழக்கமும் பரவியுள்ளது. மூடிய அறையில், நினைவிழந்தவருக்கு, சாவின் அறிவிப்பாக நிகழ்ந்த சடங்கு, திறந்த ஆலயத்தில், தாமாக எழுந்து வந்தவருக்கு, வாழ்வின் வேண்டுதலாக நிகழ்வதாயிற்று. ‘அவஸ்தை’ என்னும் சொல் நீங்கியதன் முழுப்பொருள் இதுவே.

எனினும் சொல் மாறியதாலேயே நடைமுறை முற்றிலும் மாறிவிடுவதில்லை. நோயின் இறுதிக்கட்டத்தில்தான் பங்கு நினைவுகொள்கிறது எனில் பழைய அவஸ்தைப்பூசுதலே புதிய பெயரில் தொடர்கிறது. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து, கதிர்வீச்சு வாரங்களிலும், தறி நின்ற மாதங்களிலும், குணமடைந்தபின் வரும் அச்சத்திலும் உடனிருக்கும்போதே அப்பெயர் மாற்றம் நிறைவுறுகிறது. நன்மரண மரபு கற்பித்த அஞ்சாமை, லியோனின் கைம்பெண்கள் காட்டிய அருவருப்பின்மை, சேனையின் ஒழுங்கு, வின்சென்ட் தே பவுல் சபையின் பொருளுதவி ஆகியன இணையவேண்டிய இடம் அது. இவற்றோடு, பிற சமயத்தாரின் இசைவை மதித்தலையும் மருத்துவத்திற்கு வழிவிடுதலையும் காஞ்சிபுரம் போன்ற நகரம் இம்மரபிடம் கூடுதலாகக் கோருகிறது.